வௌவாலின் இடது கண்

"மாமா, சாயங்காலம் வெளியே போகும்போது வௌவால் வீட்டைப் பூட்டிட்டுப் போகுமா?"

அக்கா மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. மாமா அப்போது சாப்பாட்டு மேசையில் பெரிய தாளை விரித்துப் போட்டு, கைப்பேசியில் யாரோ எடுத்திருந்த படம் ஒன்றைப் பார்த்து வௌவால் வரைந்துகொண்டிருந்தார். இறக்கையின் எலும்புகள் குடைக்கம்பி மாதிரி வளைந்து வளைந்து அழகாக வந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் குறுக்கே கேள்வி கேட்டால் எந்த ஓவியருக்குத்தான் பிடிக்கும்?

"பூட்டாது. அது வீட்டுல திருட என்ன இருக்கு?"

"அது தூங்கும்போது யாராவது வெளியிலேருந்து கதவைச் சாத்திட்டா?"

"அதெல்லாம் மாமாவுக்குத் தெரியாது கண்ணு. வரையறது மட்டும்தான் மாமா வேலை."

"தெரியாம எப்படி வரையறீங்க?"

அடுப்படியிலிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. அவன் பிழைப்பே அதில்தானே ஓடுகிறது, அவனைப் போய் இப்படிக் கேட்கிறாயே என்று மகளை அதட்டுவதுபோல் தம்பியைக் கிண்டலடித்தாள். தம்பியும் சிரித்துவிட்டு அடுத்த எலும்பை வரையப் போய்விட்டார். குழந்தைகளின் கேள்விகளைக் கடவுள் சும்மா அனுப்புவதில்லை என்று நம்புகிறவர்கள் உண்டு. அவரும் கடவுளை நம்புகிறவர்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்விக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள அவருக்கு நேரமில்லை.

ஊரில் அவரைச் சுவர்க்காரர் என்பார்கள். இருபத்தெட்டு வருஷமாகச் சுவர்களில் படம் வரைகிறவர். பள்ளிக்கூடச் சுவரில் யானை, மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் மீன்கள், பேருந்து நிறுத்தத்தில் ஓடுகிற குதிரைகள். படத்தைப் பற்றி யார் குறை சொன்னாலும் கேட்டுக்கொள்வார். சுவரைத் தயார் செய்த விதத்தைப் பற்றிச் சொன்னால் மட்டும் மூக்கின்மேல் கோபம் வந்துவிடும். விரிசலைச் சுரண்டி, தூசி தட்டி, ஈரம் காட்டி, சந்தை நிரப்பும் பட்டி மாவு வைத்து, தேய்த்து, அதன்மேல் வண்ணம் ஏற்றுவதில் அவர் கை தனிக் கை. "நான் போனாலும் என் பட்டி போகாது" என்பார். அது உண்மையும்கூட. அவர் பட்டி வைத்த சுவரிலிருந்து ஒரு கடுகளவுகூட உதிர்ந்ததாக யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் உண்டு. அதை அவர் மனைவி மட்டும்தான் அறிவாள். இரண்டு வருஷமாக உயரத்தில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றுகிறது. "உயரம்னா பயம், சுவர்னா ஆசை. ரெண்டையும் வெச்சுக்கிட்டு எத்தனை நாள்?" என்று அவள் கேட்பாள். தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது பாருங்கள் என்பாள். அவர் காதில் வாங்கமாட்டார். வெளியே தெரிந்தால் யாரும் அழைக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த வௌவால் வேலையைக் கொடுத்தது கலைச் சங்கம். அதன் தலைவர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் வாய்க்குள் பார்த்துக் களைத்துப்போய், இனி அழகானதைப் பார்ப்போம் என்று நீர்வண்ணத்துக்கு வந்தவர். நல்ல மனிதர். நகரத்து உயிர்களோடு ஓவியர்களை உறவாட வைப்பது அவருடைய திட்டம். போன பருவத்தில் காகங்கள். நிகழ்ச்சியன்று பார்த்துக் காகங்கள் வரவில்லை. ஆனாலும் காக ஓவியக் கண்காட்சி சிறப்பாக நடந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் அணில்கள். அணில் வந்தது. ஓவியர்கள் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தார்கள். இந்தப் பருவத்தில் வௌவால்கள் என்று முடிவாகியிருந்தது. பழைய அஞ்சல் பிரிப்புக் கட்டிடத்தின் பக்கச் சுவரில் ஒரு பிரமாண்டமான வௌவால் ஓவியம், அதே இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓவியர்களுக்கு நிஜ வௌவால்களைக் காட்டும் நிகழ்ச்சி.

காட்டுவதற்கு ஆள் ஒருவர் இருந்தார். அந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் குடிநீர்க் கணக்கெடுப்பு அலுவலகம் இயங்குகிறது. அங்கே தெருத் தெருவாகப் போய் மீட்டர் பார்த்து எண் குறித்து வரும் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். எல்லோரும் மீட்டரம்மா என்றே கூப்பிடுவார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால், மழை விடட்டும் என்று அந்தச் சுவரோரம் ஒதுங்கி நின்றபோது, கூரைக்கடியிலிருந்து கருகல் சருகு மாதிரி ஏதோ ஒன்று பறந்து போவதைப் பார்த்தார். பின்னாலேயே இன்னொன்று. எண்ணியே பழகிய மனசு, எண்ண ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நாற்பது நிமிஷம் அங்கே நின்று எண்ணி, ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவிட்டுத்தான் பேருந்துக்குப் போவார். கட்டைவிரல் நீள உடம்பு, பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். நம் காதுக்கு எட்டாத அவற்றின் குரலை டிக் டிக் என்று கேட்கவைக்கும் சின்னப் பெட்டி ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார்.

மீட்டரம்மாவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. வௌவால் எந்தச் சந்திலிருந்து வருகிறது என்று யாரிடமும் சொல்லமாட்டார். சொன்னால் விளக்கடித்துப் பார்ப்பார்கள், குச்சி விட்டுக் குடைவார்கள். "விருந்தாளியா வந்தவங்களுக்கு வானத்தைக் காட்டினாப் போதும், வாசலைக் காட்டக் கூடாது" என்பார். இந்தக் கட்டிடத்தில் இருக்கின்றன என்ற அளவோடு நிறுத்திக்கொள்வார்.

சாரம் கட்டித் தருவதாகச் சொன்ன சங்கம், கடைசியில் அந்தக் கணக்கெடுப்பு அலுவலகத்து நீள ஏணியை இரவல் வாங்கிச் சாத்திவிட்டுப் போனது. மூன்றாவது நாள் நண்பகல் அந்த ஏணியின் பதினேழாவது படியில் சுவர்க்காரருக்கு உலகம் சுற்ற ஆரம்பித்தது. தூரிகை கீழே விழுந்தது. இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

ஏணி ஒருதரம் குலுங்கி அசையாமல் நின்றது. கீழே யாரோ பிடித்திருக்கிறார்கள்.

"அண்ணா, கீழே பார்க்காதீங்க. காலையில எடுத்த மீட்டரெல்லாம் சொல்றேன், கேட்டுக்கிட்டே ஒவ்வொரு படியா இறங்குங்க. மூணு, ஏழு, ரெண்டு, ஒண்ணு. அடுத்த வீடு. நாலு, பூஜ்யம், பூஜ்யம், அஞ்சு. இவங்க வீட்டுல தண்ணியே பிடிக்கமாட்டாங்கபோல. அடுத்த வீடு..."

பதினோரு வீட்டு மீட்டர் முடிவதற்குள் அவர் தரைக்கு வந்துவிட்டார். மீட்டரம்மா தண்ணீர் கொடுத்தார். கீழே விழுந்த தூரிகையையும் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு வந்து, ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. உயரத்து வேலை எல்லாவற்றையும் சுவர்க்காரர் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரம் இப்படி ஓடியது. பல் டாக்டர் ஒருநாள் வந்து, ஏன் அம்மா நின்றுகொண்டே சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று மீட்டரம்மா சொல்லிவிட்டார்.

கடைசி நாள் சுவர்க்காரர், "இந்தக் கடனை நான் எப்படியாவது அடைக்கணும்மா" என்றார்.

"ஏணியைத்தானே பிடிச்சேன். அது இந்த ஆபீஸ் ஏணி. விடுங்கண்ணா."

ஓவியம் முடிந்தது. கூரையை நோக்கிப் பாய்கிற வௌவால், இறக்கைக்கு இறக்கை பதினான்கு அடி. மூன்று வாரம் அந்தச் சுவரோடு குடித்தனம் நடத்தியும் சுவர்க்காரர் ஒரு நிஜ வௌவாலைக்கூடப் பார்க்கவில்லை. வெளிச்சம் குறைந்தால் வண்ணம் தெரியாது என்று ஐந்தரைக்கே தூரிகையைக் கழுவிவிடுவார். வௌவால்கள் ஆறே காலுக்கு மேல்தான் புறப்படும். ஒரே வீட்டில் பகல் வேலைக்காரரும் இரவு வேலைக்காரரும் குடியிருப்பதுபோல் இருதரப்பும் முகம் பார்க்காமலே காலம் தள்ளியிருந்தன.

வெள்ளிக்கிழமை பல் டாக்டர் வந்து ஓவியத்தைப் படமெடுத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் முகம் சுளித்தார். வௌவாலின் இடது கண், கூரைக்கு ஒரு முழம் கீழே இருந்தது. அந்தக் கண்ணை வெட்டிக்கொண்டு சுவரில் ஒரு விரிசல் ஓடியது. மேலே ஒரு விரல் நுழையும் அகலம், கீழே போகப்போக முடியளவு மெலிந்து இடுப்பு உயரத்தில் மறைகிறது. சுவர்க்காரர் அதை முன்பே பார்த்திருந்தார். அங்கே எட்டி வேலை செய்யத் தலை சுற்றும் என்பதால், தெரியாததுபோல் கறுப்பு வண்ணத்தால் மெழுகியிருந்தார். முப்பத்தைந்து வருஷம் ஓட்டையைக் கண்ட இடத்தில் அடைத்தே பழகியவரின் கண்ணிலிருந்து அது தப்புமா? "உங்களுக்கே இது உறுத்தலையா?" என்று டாக்டர் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். சுவர்க்காரருக்குச் சாட்டையடி பட்டதுபோல் இருந்தது.

சனிக்கிழமை நண்பகல் சுவர்க்காரர், பல் டாக்டரின் கார் ஓட்டுநரை ஏணியைப் பிடிக்கச் சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். விரிசலை மேலிருந்து கீழ்வரை பட்டி வைத்து அடைத்தார். தேய்த்து, வண்ணம் ஏற்றி, கண்ணை மறுபடி வரைந்தார். விழியில் ஒரு துளி வெள்ளை. கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தபோது வௌவால் அவரைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் வரைந்த கண்களிலேயே இதுதான் உயிருள்ள கண் என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கறுப்புக்குள் விரிசல் இருந்ததும் அடைத்ததும் தரையிலிருந்து தெரியவில்லை. மீட்டரம்மா அந்த இரண்டு நாளும் ஊரின் மறுகோடியில் கணக்கெடுப்பில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓவியர்கள் பதினெட்டுப் பேர் மடக்கு நாற்காலிகளோடு வந்தார்கள். மண்பாண்டச் சிற்பம் செய்கிற அம்மையார் ஒரு வாளிக் களிமண்ணையே கொண்டுவந்திருந்தார். ஒருவர் நெற்றியில் சுரங்கத் தொழிலாளி மாதிரி விளக்குக் கட்டியிருந்தார். மீட்டரம்மா இஸ்திரி போட்ட உடையில், நோட்டை மார்போடு அணைத்தபடி நின்றார். விளக்கை அணைக்கச் சொன்னார். பேச வேண்டாம், சுவருக்கும் எதிரே இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் தெரிகிற வானத்தை மட்டும் பாருங்கள் என்றார். வௌவால் எந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கும் என்று ஒருவர் கேட்டார். நிற்காது, போய்க்கொண்டே இருக்கும் என்று மீட்டரம்மா பணிவாகச் சொன்னார். அப்படியானால் எப்படி வரைவது என்று அவருக்கு வருத்தம்.

கூட்டத்தில் வரையத் தெரியாதவர் ஒருவர்தான். நகராட்சிக் கட்டிட இன்ஜினியர். மழைக்கு அந்தச் சுவர் ஒழுகுகிறது, விரிசல்கள் அத்தனையிலும் சிமெண்ட் பாய்ச்சி அடைக்கவேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. உள்ளே உயிர்கள் இருக்கின்றன என்று மீட்டரம்மா மூன்று மனு கொடுத்திருந்தார். இன்ஜினியர் கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. "நாலு பேர் பார்க்கக் காட்டுங்க, அந்தச் சுவரை விட்டுட்டு ஒழுகலுக்கு வேற வழி பார்க்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகத்தான் வந்திருந்தார். ஓவியர்களுக்கு அது ஒரு மாலைப்பொழுது. மீட்டரம்மாவுக்கு ஆறு வருஷம். சுவருக்குள் இருந்தவற்றுக்கு உயிர்.

ஆறே கால் ஆயிற்று. வானத்தில் எதுவும் இல்லை. ஆறரை. ஒரு கொசு வந்தது. மீட்டரம்மா பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டி வாய் திறக்கவில்லை. ஆறே முக்காலுக்கு மண்பாண்ட அம்மையார்தான் முதலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திருப்பிக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் பதினெட்டுப் பேரும் வானத்துக்கு முதுகைக் காட்டி, சுவரிலிருந்த வௌவாலைப் பார்த்து மும்முரமாக வரைந்துகொண்டிருந்தார்கள். அது எங்கேயும் போகாமல் நின்றது. கரித்துண்டால் வரைகிற இளைஞர் ஒருவர் மட்டும் தாள் முழுவதையும் கறுப்பாகத் தேய்த்து, அடியில் ‘வராத வௌவால்’ என்று எழுதினார். பல் டாக்டர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இன்றைய மாலையின் சாரமே இதுதான் என்று பாராட்டினார்.

மீட்டரம்மா பெட்டியைச் சுவர்க்காரர் கையில் திணித்துவிட்டு, நோட்டைப் பிரித்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனார்.

"போன புதன்கிழமை இருநூத்திப் பதினாலு எண்ணியிருக்கேன் சார். இதோ பாருங்க."

"நோட்டுல இருக்கும்மா. வானத்துல இல்லையே."

"நான் பொய் சொல்லலை சார்."

"பொய்ன்னு நான் சொன்னேனா?"

பல் டாக்டர் ஆறுதலாக இடையில் புகுந்தார். "மனசை விடாதீங்கம்மா. கற்பனையும் ஒரு கலைதான். நாங்க எல்லாரும் அதுலதான் காலம் தள்றோம்."

இரக்கத்தோடுதான் சொன்னார். மீட்டரம்மாவின் முகம் அந்த அரையிருட்டிலும் செத்துப்போனது தெரிந்தது. நோட்டை மூடினார். நாளை சாயங்காலம் ஒருதரம் மட்டும் வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். இன்ஜினியர் யோசித்துவிட்டு, நாளை ஆறு மணிக்குத் தனியாக வருவதாகவும், அப்போதும் இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை காலையில் சிமெண்ட் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்றும் சொன்னார்.

சுவர்க்காரருக்கு நின்று நின்று முதுகு வலித்தது. எப்போதும்போல் சுவரில் சாய்ந்தார். கையிலிருந்த பெட்டியும் சுவரோடு சாய்ந்தது. கிர்ர் என்றது.

கையை எடுத்தார். நின்றது. வானத்தை நோக்கிக் காட்டினார். ஊமை. மறுபடி சுவரருகில், விரிசல் முடிந்த அந்த இடுப்பு உயரத்தில் கொண்டுபோனார். உள்ளே எங்கோ மேலே நூறு பேர் ஒரே சமயத்தில் தாளைக் கசக்குவதுபோல் பெட்டி படபடத்தது. பெட்டியை அணைத்துவிட்டுக் காதை வைத்தார். பெட்டி இல்லாமலே கேட்டது. கீச்சென்று மெல்லிய, அவசரமான, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகிற சத்தம். அத்தனை பேரும் வானத்தையும் ஓவியத்தையும்தான் பார்த்திருந்தார்கள், பெட்டியை மாலை முழுவதும் வானத்துக்கே காட்டியிருந்தார்கள்.

பதினான்கு அடி வௌவாலை வரைந்தவருக்கு, ஒரு வௌவால் விரல் நுழையும் சந்தில் குடியிருக்கும் என்று தோன்றவே இல்லை. பெரிய இருட்டு மண்டபம், உத்தரம், தலைகீழாகத் தொங்கும் கூட்டம் என்று படங்களில் பார்த்ததையே நினைத்திருந்தார். அது தூங்கும்போது யாராவது வெளியிலிருந்து கதவைச் சாத்திவிட்டால்? சாப்பாட்டு மேசையருகில் நின்று கேட்ட அந்தச் சின்னக் குரல் அவர் காதில் விழுந்தது. சாத்தியவர் யார் என்று அந்தக் குழந்தை கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் பல் டாக்டர் வந்து அவர் தோளில் கை போட்டு, இன்ஜினியர் பக்கம் திருப்பினார்.

"இவரைத் தெரியுமா சார் உங்களுக்கு? இருபத்தெட்டு வருஷத்துல இவர் சுவத்துலேருந்து ஒரு பொட்டு உதிர்ந்ததில்லை. உங்க சிமெண்ட் ஆளுங்களை இவர்கிட்ட அனுப்பிக் கத்துக்கச் சொல்லுங்க."

இன்ஜினியர் கைகுலுக்கினார். ஓவியர்கள் சிலர் கைதட்டினார்கள். சுவர்க்காரர் பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை. நல்லவர்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வருகிறது. புகழ்ச்சி கையைப் பிடித்திருக்கும்போது உண்மை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. நம்மேல் இரக்கமுள்ளவர் அதற்குப் பிறகும் இன்னொரு நிமிஷத்தைத் தருகிறார் என்பதுதான் நம் அதிர்ஷ்டம்.

எல்லோரும் கலைந்தார்கள். மீட்டரம்மா, யாரோ விட்டுப்போன நாற்காலி ஒன்றை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டார். கண்களைத் துடைத்திருந்தது தெரிந்தது. சுவர்க்காரர் கூப்பிட்டார்.

"உங்களுக்கும் வீண் சிரமம் அண்ணா" என்றார் மீட்டரம்மா. "உங்க வௌவாலாவது வந்துச்சே. கண்ணு ரொம்ப நல்லா இருக்கு."

பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூட நினைவில்லாமல், பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

பின்னால் ஓடிப்போய்ச் சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று சுவர்க்காரருக்கு நன்றாகத் தெரியும். மீட்டரம்மா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளமாட்டார். உடனே திரும்பி வந்து ஏணியைப் பிடித்துக்கொள்வார். யாரிடமும் சொல்லவும் மாட்டார். அப்புறம் இவர் தலையில் இரண்டு கடன் ஆகிவிடும். வாய் செய்யாமல் விட்டதைக் கை செய்யட்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

ஏணியும் சனிக்கிழமை விட்டுப்போன அவர் சாமான்களும் அலுவலக நடையில் கிடந்தன. ஏணியை இழுத்து வந்து சாத்தினார். பிடிக்க ஆளில்லை. வண்ணம் நிறைந்த இரண்டு வாளிகளை ஏணிக்காலுக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்தார். பட்டித் தகட்டைப் பல்லில் கவ்விக்கொண்டார். விளக்கு அடிக்கக் கூடாது என்ற மீட்டரம்மாவின் கண்டிப்பு நினைவிருந்தது. தெருமுனை விளக்கின் மிச்ச வெளிச்சம் போதும்.

ஐந்தாவது படிவரை கடவுளைக் கூப்பிட்டார். ஆறாவது படியில் கால் வைத்ததும் கடவுளே எடுத்துக் கொடுத்ததுபோல் அந்த எண்கள் நாவில் வந்தன. மூணு, ஏழு, ரெண்டு, ஒண்ணு. அடுத்த வீடு. நாலு, பூஜ்யம், பூஜ்யம், அஞ்சு. பதினெட்டாவது படியில் வௌவாலின் இடது கண் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. இவ்வளவு அருகில் பார்த்தால் அது வெறும் கறுப்பும் ஒரு துளி வெள்ளையும்தான். அதற்குப் பின்னால் சுவர் கீச்சிட்டது.

தகட்டை விழியின் நடுவில் வைத்து அழுத்தினார். அசையவில்லை. நல்ல பட்டி. வாழ்நாளில் முதல்முறையாகத் தன் வேலைத்திறத்தை நொந்துகொண்டார். இடது கையால் ஏணியை அணைத்தபடி, வலது கையால் குத்தினார், நெம்பினார், சுரண்டினார். விரல் கிழிந்தது. கால்மணி நேரம் போராடியபிறகு நகக்கண் அளவு ஒரு சில்லுப் பெயர்ந்தது. பிறகு இன்னொன்று. வெள்ளைத் துளி முழுசாகக் கழன்று கீழே விழுந்தது. கண் இருந்த இடத்தில் விரல் நுழையும் இருட்டு.

கையை எடுக்கவில்லை, அதற்குள் அந்த இருட்டில் ஒரு முகம் வந்தது. சுருங்கிய மூக்கு, முகத்தைவிடப் பெரிய காதுகள், விளிம்பைப் பற்றிக்கொண்ட அரிசி மாதிரி ஒரு கட்டைவிரல். சுவர்க்காரர் தன் பதினான்கு அடி வௌவாலுக்குக் கட்டைவிரல் வைக்கவே இல்லை. காது வைத்த இடமும் தப்பு. மூன்று வாரமாகத் தான் வரைந்தது ஒரு நல்ல குடை என்று அவருக்குப் புரிந்தது. அந்த முகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவர் மணிக்கட்டைக் காற்று தொட்டது, அவ்வளவுதான், போய்விட்டது. அடுத்தது. அடுத்தது. ஓவியத்தின் கண்ணிலிருந்து நிஜங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் தெரிந்த அந்தத் துண்டு வானத்தில் போய்க் கரைந்தன. எண்ண ஆரம்பித்தார். எண்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை கலைந்துவிட்டது. எண்ணுவது வேறொருவர் வேலை என்று விட்டுவிட்டார். தலை சுற்றவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததும் சுற்ற ஆரம்பித்தது. மறுபடி மீட்டர் எண்களைச் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

ஏணியை இருந்த இடத்தில் வைத்தார். தரையில் பட்டிச் சில்லுகள் சிதறிக் கிடந்தன. துடைப்பம் எடுத்து வந்து, சுரண்டிய தூள்களை எல்லாம் துப்புரவாகக் கூட்டி அள்ளினார். பிறகு யோசித்து, பெரிய சில்லுகளில் நாலைந்தை எடுத்து, சுவரோரமாக, தானாகவே உதிர்ந்து விழுந்தால் எப்படிக் கிடக்குமோ அப்படி வைத்தார். வெள்ளைத் துளி ஒட்டியிருந்த சில்லைக் கண்ணில் படும்படி முன்னால் தள்ளி வைத்தார். சுரண்டியது தெரிந்தால் ஏன் என்று கேட்பார்கள், வௌவால்களின் வாசல் வெளியாகிவிடும்.

பல் டாக்டர் நாளை இதைப் பார்ப்பார். இருபத்தெட்டு வருஷப் பட்டி ஒரே நாளில் விழுந்துவிட்டது என்று ஊர் முழுக்கப் பரவும். வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்பார்கள். இனி தரையில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். மனைவிக்கு நிம்மதி.

பெட்டி சட்டைப் பையில் இருந்தது. மீட்டரம்மாவின் அலுவலகக் கதவுக் கைப்பிடியில், காலையில் வந்ததும் கையில் படுகிற மாதிரி அதை மாட்டினார். மாட்டும்போது விரல் பட்டுத் திருகு திரும்பிவிட்டது போலிருக்கிறது. பெட்டி டிக் டிக் டிக் என்று வானத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தது. சிறிது நேரம் நின்று கேட்டார். நாளை சாயங்காலத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று அதை அணைத்துவிட்டு, கிழிந்த விரலை வாயில் வைத்தபடி பேருந்துக்கு நடந்தார்.